ஹேண்டிலில் கட்டிய தக்கை

சுபாஷ் ஒன்பதாவது வேலையை விட்டு நின்ற அன்று கண்ணகி அவனைத் திட்டவில்லை. எட்டுத் தடவை திட்டிப் பார்த்தாகிவிட்டது, ஒரு புண்ணியமும் இல்லை. பாகூர் தெருக்களில் மீன் விற்று முடித்து, காலி அன்னக்கூடையோடு பனித்திட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தவள், மத்தியான வேளையில் கம்பெனிச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

அவனுக்கு வயது இருபத்து நான்கு. பி.காம். முடித்தவன் என்று ஊரார் சொல்வார்கள். இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி என்பது வீட்டுக்குள் மட்டும் தெரியும். அதில் ஒன்றைப் பரீட்சைத் தேதியை மறந்துபோய் எழுதாமலே விட்டவன். சூப்பர் மார்க்கெட்டில் பில் போட உட்கார வைத்தார்கள். ஒரே ஷாம்பூவுக்கு இரண்டு தடவை பில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். மொபைல் கடையில் சாவியை உள்ளே வைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினான். கூரியரில் இருந்தபோது மணப்பட்டுக்குப் போக வேண்டிய பார்சலை நல்லவாட்டில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினான். கடைசியாக ஒரு மருந்துக் கம்பெனி. பெட்டிக்குப் பத்து மாத்திரை அட்டை வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் என்ன தப்பு வரும் என்று நினைப்பீர்கள். ஏழு மாதம் தாக்குப் பிடித்தான். எட்டாம் மாதம் ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை ஒன்பது ஒன்பதாக வைத்து மூடியிருக்கிறான்.

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சோம்பேறி என்றார்கள், மீதிப் பேர் திமிர் என்றார்கள். இரண்டும் இல்லை என்று கண்ணகிக்குத் தெரியும். சோம்பேறி சாயங்காலம் இப்படிக் களைத்து வரமாட்டான். காலையில் வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்புகிறவன், வரும்போது நாளெல்லாம் மூட்டை தூக்கியவன் போல வருவான். சின்ன வயசில் அவன் வாய் ஓயாது. பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொல்வான். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டான். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் ஏங்கினாள், சம்பளமெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

பக்கத்து வீட்டுக் கல்பனா ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதுச்சேரியில் மனநலப் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், ஒரு தடவை காட்டுங்கள் என்று அவள்தான் சொன்னாள். என் பிள்ளை என்ன பைத்தியமா என்று கண்ணகி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே போய் எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டாள்.

டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். பள்ளிக்கூடத்தில் எப்படி, வீட்டில் எப்படி, பொருள்களைத் தொலைப்பானா, சொல்லச் சொல்லக் கவனம் எங்காவது போய்விடுமா என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை வரச் சொல்லிப் பார்த்த பிறகு, இதற்கு ஏடிஹெச்டி என்று பெயர், சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கிறது, இது சோம்பலும் இல்லை திமிரும் இல்லை என்றார். கண்ணகிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் திமிர் இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னது அவளுக்கு அப்படியே அழுகையை வரவழைத்துவிட்டது. சுபாஷ் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை கொஞ்சம் உதவும், வேலையும் பொருத்தமாக அமைய வேண்டும் என்றார் டாக்டரம்மா. உட்கார்ந்த இடத்தில் ஒரே மாதிரி செய்யும் வேலை இவனுக்குச் சரிப்படாது. உடம்பு அசைய வேண்டும். கண்ணுக்கு முன்னால் நிமிஷத்துக்கு ஒன்று மாற வேண்டும். செய்ததற்குப் பலன் உடனே தெரிய வேண்டும். பக்கத்தில் ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். இப்படி எந்த வேலையாவது உங்களுக்குத் தோன்றுகிறதா என்று அம்மாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுபாஷ் அம்மாவைப் பார்த்தான். கண்ணகி சுவரில் ஓடிய மின்விசிறி ஒயரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல டாக்டரம்மா."

குடும்பத்தில் வேறு யாராவது இதே சுபாவத்தோடு இருந்தார்களா என்று கேட்டதற்கும், யாருமில்லை என்றாள். ஒரே மூச்சில் இரண்டு பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். மீன் பழசு என்றால் பழசு என்றே சொல்லி விற்கிறவள்.

இருந்தான். அவள் தம்பி தமிழ்க்குமரன். ஓரிடத்தில் உட்காரமாட்டான், சொன்னதை மறந்துவிடுவான், போட்ட செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவான். ஆனால் கடலில் ஏறிவிட்டால் ஆளே வேறு. தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறினால் போதும், மற்றவர்கள் பார்க்குமுன் மீன் கூட்டத்தைக் காட்டிவிடுவான். சுனாமிக்கு அப்புறம் ஊருக்கு ஃபைபர் படகுகள் வந்தன. அதுவரை கட்டுமரத்தில் போனவர்கள். கட்டுமரத்துக்குத் தக்கை கிடையாது. ஃபைபர் படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை உண்டு. கரை ஏற்றியதும் அதை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்கி, தேங்கிய தண்ணீரை வடிய விடுவார்கள். மறுநாள் தள்ளுமுன் அடைக்க வேண்டும். ஒரு நாள் காலை அடைக்க வேண்டியவன் தமிழ்க்குமரன், அடைக்கவில்லை. கூப்பிடு தூரம் தாண்டியதும் படகில் தண்ணீர் ஏறியது. மற்ற மூன்று பேரும் இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்க, இவன் தக்கையை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து அடைக்கிறேன் என்று சொல்லி, யோசிக்காமல் குதித்துவிட்டான். சரிந்த வலையில் கால் சிக்கிக்கொண்டது. மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அன்றிலிருந்து கண்ணகி கடல்தண்ணீரில் கால் வைத்ததில்லை. மீன் வாங்கக் கரைக்குத் தினமும் போகிறவள்தான், ஆனால் ஈரம் படாத மணலோடு நின்றுவிடுவாள். தம்பியின் அதே கண்ணும் அதே மறதியும் தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் இருக்கிறது என்பது அவனுக்குப் பத்து வயசிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்தாவது வயசில் அவன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள், தொழிலுக்குப் படகு ஏறமாட்டேன் என்று. அவள் புருஷன் சம்மந்தம் சொந்தப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பிள்ளையைக் கூப்பிட்டதில்லை. எல்லாவற்றையும் மறக்கிற சுபாஷ் இந்தச் சத்தியத்தை மட்டும் மறக்கவே இல்லை.

டாக்டரம்மா அன்று ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். ஒரு மாதம் வைத்துக்கொள், எங்கெல்லாம் உனக்கு நேரம் போனது தெரியவில்லையோ அதை மட்டும் குறித்துக்கொண்டு வா என்றார்.

அந்த ஒரு மாதத்துக்குள் கண்ணகி ஒரு வேலை தேடிப் பிடித்தாள். உடம்பு அசைய வேண்டும், நிமிஷத்துக்கு ஒன்று மாற வேண்டும். கடலை விட்டால் அப்படி வேறு வேலையா இல்லை என்று அவளுக்கு ஒரு வீம்பு. கல்யாணங்களுக்குப் பந்தி பரிமாற ஆள் அனுப்பும் அன்புராஜிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். முதல் கல்யாணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையில், பாயசத்தின் மேல் ரசத்தை ஊற்றிவிட்டான். அன்புராஜ் நல்ல மனுஷன், நாலு நாள் கழித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்பவில்லை.

மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் மறுபடி போன அன்று, கிளம்பும் அவசரத்தில் கண்ணகி வழக்கம்போல வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் மறந்து வைத்ததை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவதுதான் இத்தனை வருஷமாக அவளுடைய உத்தியோகம். ஹால் டிக்கெட், சாப்பாட்டு டப்பா, வண்டிச் சாவி, அடையாள அட்டை என்று எத்தனையோ. அன்று டிவி பெட்டிக்குப் பின்னால் அந்தத் தாள் நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறியதும் சுபாஷ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இவன் ஏதாவது எழுதினானா, இல்லை வெறும் தாளா என்று பார்க்கத்தான் அவள் பிரித்தாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். முழு மாதத்துக்கும் நாலே வரி இருந்தது.

ஞாயிறு. கரை. ஆறு மணிக்குப் போனேன். பதினொன்றரை ஆகியிருந்தது.

ஞாயிறு. கரை. பசிக்கவே இல்லை.

புதன். கரை. மண்டபத்திலிருந்து நேராக. அப்பா படகு வரும்வரை.

ஞாயிறு. கரை. அம்மா பார்த்துவிட்டார்கள். வந்துவிட்டேன்.

கடைசி வரியை அவள் மூன்று தடவை வாசித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பறவைகள் இறங்கும் இடத்தைக் காட்டி, அங்கே மத்தி கிடக்கிறது என்று நாலு பேரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக அவள் கேட்காத பேச்சு. நின்று கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அவள் கிட்டே போனாள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, கையைக் கீழே போட்டுக்கொண்டு அவளோடு வீட்டுக்கு நடந்தான். தான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று அன்றைக்கு அவள் பெருமைகூடப் பட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து அதை நினைத்தபடியே தாளைப் பழைய மடிப்பில் மடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள்.

டாக்டரம்மா முதலில் தாளைத்தான் கேட்டார்.

"மறந்துட்டேன் டாக்டர்," என்றான் சுபாஷ்.

சரி, பரவாயில்லை, வாயால் சொல் என்றார். அப்படி ஒன்றுமில்லை, எல்லா இடத்திலும் நேரம் ஒரே மாதிரிதான் போகிறது என்றான். சொல்லும்போது கட்டை விரல் நகத்தைத் தேய்த்தான். பொய் சொன்னால் நகத்தைத் தேய்ப்பான், மூன்று வயசிலிருந்து அப்படித்தான். மறந்தானா, வேண்டுமென்றே டிவிக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தானா என்று கண்ணகிக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

அவள் மடியில் கைப்பை இருந்தது. திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா வேறு கேள்விக்குப் போய்விடுவார், பதினோராவது வேலை ஒன்றைத் தேடலாம், பிள்ளை கரையிலேயே இருப்பான், உயிரோடு இருப்பான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாவது இருப்பான். இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஜிப்பை இழுத்தாள். அவன் விட்டு வந்ததை எடுத்துக் கொடுத்தே பழகிய கை அது.

"இந்தாங்க டாக்டரம்மா. மறந்து வச்சிட்டு வந்துட்டான்."

சுபாஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். டாக்டரம்மா நாலு வரியையும் படித்துவிட்டுக் கடலா என்று கேட்டார். அதற்கப்புறம் கண்ணகி எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியைச் சொன்னாள், தக்கையைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள், போன தடவை சொன்ன இரண்டு பொய்யையும் சொன்னாள். அழாமல் சொன்னாள். மாமா இறந்தது சுபாஷுக்குத் தெரியும். தக்கையை அடைக்க மறந்தது மாமாதான் என்பது அன்றுதான் தெரிந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"கடலுக்கு அனுப்புங்கன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதுமா. அது நீங்க ரெண்டு பேரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஒண்ணு மட்டும் சொல்றேன். மறக்காதன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. ஞாபகத்த அவன் தலையில வைக்காதீங்க, பொருள் இருக்கிற எடத்துல வைங்க."

திரும்பும் வழியில் கிருமாம்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது கண்ணகி அவன் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். கடைவீதியில் நாலு பேர் பார்த்தார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக் கீழே விட்டாள்.

"அன்னிக்கி வாங்குன சத்தியத்த இன்னிக்கித் திருப்பிக் குடுத்துட்டேன்டா."

சொன்ன வாய் மூடுமுன் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடி அவன் கையைப் பிடித்தாள். தக்கை போடாமல் படகைத் தள்ளமாட்டேன் என்று அதற்காவது ஒரு சத்தியம் பண்ணு என்றாள். வேறு யாராக இருந்தாலும் அந்தச் சந்தோஷத்தில் நூறு சத்தியம் பண்ணியிருப்பார்கள். சுபாஷ் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"வாணாம்மா. அத மறந்துடுவேன். உன் தலையில கை வச்சுட்டு மறந்தா நல்லா இருக்காது."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கண்ணகிக்கு அவன்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. தம்பி இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கா தெரியாது, எனக்கா தெரியாது என்பதுதான் அவன் பேச்சு.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட சம்மந்தம் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காக வாரை இழுத்துக் கட்ட வேண்டும், தொங்கவிட்டால் கன்னத்தில் அறைவேன் என்று பிள்ளையை அதட்டினார். அவர் கண் சிவந்திருந்ததைக் கண்ணகி பார்த்தாள், பார்க்காதது போல இருந்தாள்.

அவள் கண் ஹேண்டில்மேல் இருந்தது. படகு எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டில். களவு போய்விடும் என்று தினமும் வீட்டுக்கு எடுத்து வந்து ஆணியில் மாட்டிவிடுவார்கள். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. எஞ்சின் ஓடாமல் யாரும் கடலுக்குப் போனதில்லை. தக்கை மட்டும் படகுக்குள் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். சுபாஷைக் கரைக்கு அனுப்பித் தக்கையைத் தேடி எடுத்துவரச் சொன்னாள். நைலான் கயிற்றை ஒரு முழம் வெட்டி, ஹேண்டிலின் பிடியிலேயே தக்கையைச் சேர்த்து இறுக்கி முடிந்தாள். அதை அவிழ்க்காமல் ஹேண்டிலைப் பிடிக்கவே முடியாது. இனிமேல் கரை ஏறியதும் தக்கையைப் பிடுங்கினால் ஹேண்டிலில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று புருஷனுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டாள்.

வளர்பிறையில் ஒரு புதன்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் படகைத் தள்ளினார்கள். சம்மந்தம், அவரோடு எப்போதும் போகும் ராமு, சுபாஷ், மூன்று பேர். படகு கிளம்பும்போது பெண்பிள்ளைகள் கிட்டே போவது அங்கே வழக்கமில்லை. கண்ணகி ஈரமில்லாத மணலில் நின்றாள். தள்ளுமுன் சுபாஷ் ஹேண்டிலில் இருந்த கயிற்றை அவிழ்த்ததையும், படகின் பின்னால் குனிந்ததையும் பார்த்தாள். பார்த்தும் மனசு ஆறவில்லை.

"தக்க போட்டியாடா?"

"போட்டுட்டேம்மா."

போட்டிருப்பான். அவன் கையில் கயிறுதான் இருந்தது, தக்கை இல்லை. இருந்தாலும் அவள் கால் நடந்துவிட்டது. ஈர மணலைத் தாண்டி, நுரையைத் தாண்டி, புடவை நனைய முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீர் அவள் காலைத் தொட்டது. ராமு ஏதோ சொல்ல வாயெடுத்தான், சம்மந்தம் சும்மா இரு என்று கையைக் காட்டினார். அவள் குனிந்து, படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் கையை விட்டு, விரலால் தடவித் துளையைத் தேடினாள். தக்கை இருந்தது. நன்றாக இறுக்கி அடித்திருந்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"தெனமும் வருவியாம்மா?" என்று கேட்டான் சுபாஷ். கேலியாகக் கேட்கவில்லை. வர வேண்டும் என்ற ஆசை அந்தக் குரலில் இருந்தது.

"வராம எங்க போவப் போறேன்."

அலை வந்து தூக்கும் நேரம் பார்த்து மூன்று பேரும் தள்ளி ஏறினார்கள். எஞ்சின் பிடித்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் சுபாஷ் எழுந்து நின்று, வடக்கே கையைக் காட்டி அப்பாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. வாய் ஓயாமல் சொல்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. கண்ணகி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். படகு புள்ளியாகி, புள்ளியும் மறைந்தது.

கல்பனா வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஏலம் முடிந்து மற்ற பெண்கள் கூடையோடு பாகூருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு எங்கே போனாய் என்று கல்பனா கேட்டாள். பாத்திரம் தீய்ந்து வாடை தெரு முழுக்க அடிக்க, அவள்தான் கதவைத் தள்ளிக்கொண்டு போய் கேஸை அணைத்தாளாம்.

கண்ணகி தன் வாழ்நாளில் அடுப்பை மறந்ததில்லை. நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே, மணி என்ன ஆகிறது என்று கேட்டாள்.